பழைய டீசல் ஜீப்பில் சொந்தமாகப் போட்ட டர்போ: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

மகிந்திரா டிஐ ஜீப், கமாண்டர், எம்எம்540, ஆரம்பகால பொலிரோ மாதிரி டர்போ (எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுவது) இல்லாமல் வந்த டீசல் வண்டிகளில், சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ ஒரு பழைய டர்போ வாங்கி, லேத் பட்டறையில் ஃபிளாஞ்ச் (இணைப்புத் தகடு) வெட்டி மாட்டியவர்களுக்காக எழுதுகிறேன். மாட்டுவது எப்படி என்பது இதில் இல்லை. மாட்டிய பிறகு திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகளை ஒவ்வொன்றாக எடுத்து, காசு செலவில்லாத காரணத்தில் தொடங்கி பணம் பிடுங்கும் காரணம் வரை வரிசையாகச் சொல்கிறேன். இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். வண்டி புகை தள்ளினால் உடனே டர்போவைக் கழற்றுகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஆனால் கையால் செய்த செட்டப்பில் பெரும்பாலும் டர்போ நன்றாகத்தான் இருக்கும், அதைச் சுற்றியிருக்கும் குழாய், கிளிப், கேஸ்கெட், ஆயில் திரும்பும் ஹோஸ் இவற்றில் ஒன்றுதான் தப்பாக இருக்கும்.

கையில் நாலு சாமான் வேண்டும். டேஷ்போர்டில் ஒரு பூஸ்ட் மீட்டர், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், டர்போவுக்கு முன்னால், கே வகை தெர்மோகப்பிள் செருகிய வெப்ப மீட்டர். ஊசி வைத்த மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் மீட்டர். அப்புறம் காற்றுக் கசிவு பார்க்க, டர்போவின் காற்று வாய்க்குள் பொருந்துகிற பிவிசி மூடியில் ஒரு டயர் வால்வைப் பொருத்திச் செய்துகொள்கிற சோதனை மூடி. இதோடு ஒரு கால் பம்பும் சோப்புத் தண்ணீரும் போதும். வெப்ப மீட்டருக்குக் காசு இல்லை என்றால் டர்போவை மாட்டுவதையே தள்ளிப் போடுங்கள், அது இல்லாமல் பிஸ்டன் உருகுவதை முன்கூட்டிக் காட்ட வண்டியில் வேறு எதுவும் கிடையாது.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, பதிவுச் சான்றிதழில் இருக்கும் தயாரிப்பாளரின் விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும் வாய்ப்பும் இருக்கிறது. எஸ்டேட்டுக்குள், தோட்டத்துக்குள் ஓடுகிற வண்டியா, ரோட்டில் ஓடுகிற வண்டியா என்று தெளிவாக முடிவு செய்துகொண்டு இறங்குங்கள்.

## எஞ்சின் தானாக வேகம் எடுக்கிறது, சாவியைத் திருப்பினாலும் நிற்கவில்லை

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இங்கே யோசிக்க நேரம் கிடைக்காது. டீசல் எஞ்சின் தன் ஆயிலையே காற்று வழியாக உறிஞ்சி எரிக்க ஆரம்பித்துவிட்டால், ஸ்டாப் வயரை இழுத்து டீசலை நிறுத்தினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும், ஆயில் தீரும் வரையோ கனெக்டிங் ராடு வெளியே வரும் வரையோ.

வண்டி ஓடிக்கொண்டிருந்தால்: டாப் கியரிலேயே வைத்து, பிரேக்கை முழுசாக மிதித்து, கிளட்சை விட்டு எஞ்சினை அமுக்கி நிறுத்துங்கள். பதற்றத்தில் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குப் போகக் கூடாது, பாரம் விலகினால் வேகம் இன்னும் ஏறும்.

நின்றுகொண்டிருந்தால்: காற்று வாயை அடையுங்கள். கனமான பலகை அல்லது தகட்டால் அடைக்க வேண்டும், கையால் கூடாது, துணியாலும் கூடாது. துணியை உள்ளே இழுத்துவிடும், கையை வைத்தால் கை போய்விடும். காற்று வாய்க்குப் பொருந்தும் ஒரு தகடு வண்டியில் கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் இருக்கட்டும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருந்தால் காற்று வாய்க்குள் அடிக்கலாம். இரண்டும் இல்லையென்றால் ஆட்களைத் தள்ளிப் போகச் சொல்லுங்கள், எஞ்சினின் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது.

நின்ற பிறகு திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பார்க்க வேண்டிய வரிசை: ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறதா, பழைய ஆயில் பாத் ஏர் ஃபில்டரை அப்படியே விட்டிருக்கிறீர்களா (டர்போ இழுக்கிற காற்று அதிகம், கிண்ணத்தில் இருக்கும் ஆயிலையும் சேர்த்து இழுக்கும்), பிரீதர் ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் குழாய்) நேராக டர்போ வாய்க்குள் போகிறதா, கடைசியாக டர்போ காற்றுப் பக்கம் ஆயில் கக்குகிறதா. ஒருமுறை இப்படி ஓடிய எஞ்சினின் பேரிங், ராடு போல்ட் எல்லாவற்றையும் மெக்கானிக் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

## நீலப் புகை வருகிறது, ஆயில் குறைகிறது

எல்லோரும் டர்போ சீல் போச்சு என்று முடிவு கட்டுகிற இடம் இது. டர்போவுக்குள் இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன இரும்பு வளையம்தான். உள்ளே போன ஆயில் தடையில்லாமல் கீழே வடிந்துகொண்டே இருந்தால் மட்டும்தான் அது ஆயிலைத் தடுக்கும். வடிகால் அடைபட்டால் புத்தம் புது டர்போவும் ஆயில் தள்ளும்.

முதலில் புகை எப்போது வருகிறது என்று பாருங்கள். சில நிமிடம் ஐடிலிங்கில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது ஒரு மேகம் மாதிரி வந்து, பிறகு தெளிந்தால், ஆயில் திரும்பும் வழியைச் சந்தேகப்படுங்கள். ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போதெல்லாம் விடாமல் வந்தால் எஞ்சினின் பிஸ்டன் ரிங் பக்கம் போங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கொஞ்சம் வந்தால் பெரும்பாலும் வால்வு கைடு, அதற்கும் டர்போவுக்கும் சம்பந்தமில்லை.

ஏர் ஃபில்டர். அடைத்திருந்தால் டர்போவின் வாயில் வெற்றிடம் உண்டாகி, அது ஷாஃப்ட் வழியாக ஆயிலை இழுக்கும். கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள், புது எலிமெண்ட் போட்டுப் பாருங்கள்.

ஆயில் அளவு. டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் திரும்பும் ஹோஸின் வாய் ஆயிலுக்குள் முங்கி, வடிகால் நின்றுவிடும்.

ஆயில் திரும்பும் ஹோஸ். இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். உள் விட்டம் 16 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 19 இருந்தால் நிம்மதி. உள்ளே போகும் ஆயில் குழாய் மெல்லிசாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குழாயையும் அதே அளவில் போட்டுவிடுகிறார்கள். உள்ளே போவது பிரஷரில் போகிறது, திரும்பி வருவது வெறும் எடையில் இறங்குகிறது, அதுவும் நுரையோடு கலந்து வருகிறது, அதற்கு இடம் வேண்டும். ஹோஸ் டர்போவிலிருந்து சம்ப் (எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) வரை முழுக்கக் கீழ்நோக்கியே போக வேண்டும், நடுவில் ஒரு வளைவு தொங்கினாலும் அங்கே ஆயில் தேங்கும். சம்ப்பில் சேரும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். டர்போவின் வடிகால் வாய் நேர் கீழே பார்க்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தால் பரவாயில்லை, 35 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் நடு ஹவுசிங்கைத் தளர்த்தித் திருப்பி மாட்டுங்கள். ரேடியேட்டர் ஹோஸைப் போட்டிருந்தால் மாற்றுங்கள், ஆயில் சூட்டில் உள் ரப்பர் ஊதி வழியை அடைத்துவிடும், வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். அந்த ஃபிளாஞ்சில் சிலிகான் பேஸ்ட் போடவே கூடாது, பிதுங்கிய துணுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பேப்பர் கேஸ்கெட் போதும்.

பேக் கம்ப்ரெஷன். எஞ்சின் சூடாக ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, திருகாமல் சும்மா மேலே வையுங்கள். லேசாக நடுங்கினால் சரி, தூக்கி எறிந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. சம்ப்புக்குள் இருக்கும் இந்தக் காற்றழுத்தமே டர்போ ஆயில் வடிவதைத் தடுக்கும். பிரீதர் ஹோஸை டர்போ வாயிலிருந்து பிடுங்கி ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். புகை குறைந்து, பாட்டிலில் ஆயில் சேர்ந்தால் டர்போ குற்றவாளி இல்லை.

கடைசியாக டர்போ. காற்று வெளியேறும் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே விரலில் ஒட்டுகிற அளவு ஆயில் படலம் இருப்பது சாதாரணம், பிரீதர் வழியாக வருவது அது. குட்டையாகத் தேங்கியிருந்து, மேலே சொன்னதெல்லாம் சரியாகவும் இருந்தால் மட்டும் டர்போவைக் கழற்றுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ரிங் என்று தெரிந்தால் எஞ்சின் பட்டறை. டர்போ என்று தெரிந்தால் பேலன்சிங் மெஷின் வைத்திருக்கும் டர்போ கடை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரியும் போர்வெல் ரிக் வண்டியும் பார்க்கிற கடைகளில் இது தினசரி வேலை. கிட் வாங்கி வீட்டில் மாற்றாதீர்கள். அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, பேலன்ஸ் பார்க்காமல் மாட்டினால் புது பேரிங்கும் வெகு நாள் தாங்காது.

## கறுப்புப் புகை கொட்டுகிறது

டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. ஒன்று காற்று குறைவு, இல்லையென்றால் டீசல் அதிகம். பூஸ்ட் மீட்டரைப் பார்த்தாலே எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும்.

### பூஸ்ட் வழக்கத்தைவிடக் குறைவு, புகை அதிகம்

ஏர் ஃபில்டர், பிறகு ஹோஸ் கிளிப்கள். பிறகு டர்போவுக்குப் போகிற உறிஞ்சும் ஹோஸ். ஒருவரை ரேஸ் பண்ணச் சொல்லிவிட்டு அந்த ஹோஸைப் பாருங்கள், சப்பையாக ஒட்டினால் உள்ளே கம்பிச் சுருள் உள்ள ஹோஸாக மாற்றுங்கள். அதுவும் சரியென்றால் கீழே பூஸ்ட் வராத பகுதியில் உள்ள காற்றுச் சோதனைக்குப் போங்கள்.

### பூஸ்ட் சரியாக இருக்கிறது, ஆனாலும் புகை

டீசல் பம்பில் அளவைக் கூட்டியிருக்கிறீர்கள், அல்லது யாரோ கூட்டிவிட்டிருக்கிறார்கள். டர்போ போட்ட பிறகு இழுவை வேண்டும் என்று டீசலின் உச்ச அளவை வைக்கும் மேக்சிமம் ஸ்க்ரூவைத் திருகுகிறார்கள், ஒரு சுற்றில் வண்டி பறப்பது போல இருக்கும், மனசுக்குச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் அந்த எஞ்சினின் ஆயுளை அங்கேயே பாதியாக வெட்டிவிடுகிறீர்கள். டர்போ இல்லாமல் வந்த இந்த எஞ்சின்களில் பெரும்பாலும் பிஸ்டனுக்கு அடியில் ஆயில் தெளித்துக் குளிரவைக்கிற ஏற்பாடு கிடையாது. சூடு போக வழியில்லை.

மீட்டரை வைத்து முடிவு செய்யுங்கள். டர்போவுக்கு முன்னால் எடுத்த வெப்பம், நீண்ட ஏற்றத்தில் முழுப் பாரத்தில் 650 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் இருக்கட்டும். 700-ஐத் தொட்டால் அந்த நொடியே காலை எடுங்கள், கியரைக் குறைத்து வேகமாகச் சுற்றவிட்டு ஏறுங்கள். தெர்மோகப்பிளை டர்போவுக்குப் பின்னால் வைத்திருந்தால் மீட்டர் 100 டிகிரிக்கு மேல் குறைத்துக்கூடக் காட்டும், அந்த எண்ணை நம்பி ஏறாதீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளோ ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் 40 வளைவுகளோ ஏறும்போதுதான் உண்மை தெரியும், சமவெளியில் ஒரு நிமிடம் அழுத்திப் பார்ப்பதில் எதுவும் தெரியாது.

வெப்பம் அதிகமென்றால் ஸ்க்ரூவை எட்டில் ஒரு பங்கு சுற்று பின்னால் எடுங்கள், அதே ஏற்றத்தில் திரும்ப ஓட்டுங்கள், மீட்டரைப் பாருங்கள். குறையவில்லை என்றால் நாசில் ஒழுகலாம், டைமிங் பிந்தியிருக்கலாம். இரண்டும் பம்பு கடை வேலை. வரிசை பம்பானாலும் ரோட்டரி பம்பானாலும் கழற்றிக் கொண்டுபோய் பெஞ்சில் வைத்து நாலு சிலிண்டருக்கும் அளவு பார்க்கச் சொல்லுங்கள், டர்போ போட்டிருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

### கிளம்பும்போது மட்டும் புகை, பிறகு சுத்தம்

டர்போ சுற்ற ஆரம்பிக்கும் முன்னாலேயே டீசல் போய்விடுகிறது. கம்பெனி டர்போ வண்டியின் பம்பில் பூஸ்ட் வந்த பிறகு டீசலைக் கூட்டுகிற ஒரு டயாஃப்ரம் இருக்கும், உங்கள் பம்பில் அது இல்லை. கொஞ்சம் புகை வருவது இயல்பு. காலை மெதுவாக அழுத்திப் பழகுங்கள். ரொம்ப அதிகமென்றால் டர்போ பெரிசு.

## பூஸ்ட் வரவே இல்லை, அல்லது ரொம்பத் தாமதமாக வருகிறது

மீட்டர் ஹோஸ். சிரிக்காதீர்கள், உருகி ஒட்டிப்போன ரெண்டு ரூபாய்க் குழாயால் டர்போவையே மாற்றியவர்கள் உண்டு. கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள்.

காற்றுக் கசிவு. எஞ்சின் ஆறியிருக்கும்போது டர்போவின் உறிஞ்சும் வாயில் சோதனை மூடியை மாட்டிக் கிளிப் போட்டு, கால் பம்பால் 5 பிஎஸ்ஐ ஏற்றுங்கள், 7-க்கு மேல் போக வேண்டாம். மூடிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், பிடுங்கிக்கொண்டு வந்தால் பல் போகும். எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஆயில் மூடிப் பக்கம் லேசாகச் சீறல் கேட்பதும் காற்று மெல்ல இறங்குவதும் இயல்பு, ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்திருக்கும். ஹோஸ் மூட்டிலோ இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டிலோ நுரை எழுந்தால் அதுதான் இடம். வெல்டிங் செய்த குழாயில் ஊசித்துளை இருக்கும், அதையும் தடவுங்கள். குழாய் முனையில் லேத்தில் ஒரு விளிம்பு எடுக்காமல் மொட்டையாக விட்டிருந்தால், எவ்வளவு முறுக்கினாலும் ஹோஸ் வழுக்கி வெளியே வரும்.

எக்ஸாஸ்ட் கசிவு. மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவில் கரி படிந்த கோடு தெரிகிறதா? டர்போவைச் சுழற்ற வேண்டிய சக்தி அங்கே வெளியேறுகிறது.

வேஸ்ட்கேட், அதாவது பூஸ்ட் அளவை மீறாமல் எக்ஸாஸ்டை டர்போவைச் சுற்றி வெளியே விடும் சின்னக் கதவு. அதன் கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள், விட்டதும் திரும்பி மூட வேண்டும். பழைய டர்போவில் துருப்பிடித்துப் பாதி திறந்தபடி நிற்பது சகஜம். துரு எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்து ஆட்டினால் பெரும்பாலும் வரும்.

டர்போவின் அளவு. மேலே எல்லாம் சரியாக இருந்தும் 2500 சுற்றுக்குக் கீழே மீட்டர் அசையவில்லை என்றால், நீங்கள் வாங்கியது லாரி டர்போ. ஐந்தாறு லிட்டர் எஞ்சினின் டர்போ இந்த எஞ்சினில் எழுந்திருக்கும்போது எஞ்சினின் வேகமே முடிந்துவிடும். இதற்கு வேறு மருந்து இல்லை, மாற்றத்தான் வேண்டும். இரண்டிலிருந்து மூன்று லிட்டருக்குள் உள்ள எஞ்சினிலிருந்து வந்ததைத் தேடுங்கள். டர்போவோடு வந்த 2523 சிசி பொலிரோவின் டர்போவும் அதன் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் சேர்ந்து கிடைத்தால் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அதையே வாங்குங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே ஒழியும். டாடா சுமோவின் 1948 சிசி டர்போவும் ஆகும், கொஞ்சம் சின்னது, சீக்கிரம் எழும். ஸ்கார்பியோ எம்ஹாக் மாதிரி எஞ்சின்களின், உள்ளே இறகு அசைகிற டர்போ வேண்டாம், அதை ஓட்டக் கம்ப்யூட்டர் வேண்டும்.

## பூஸ்ட் அளவுக்கு மேல் ஏறுகிறது

இங்கே சந்தோஷப்பட எதுவும் இல்லை. பழைய ஹெட் கேஸ்கெட்டை மாற்றாத எஞ்சினில் 7 பிஎஸ்ஐ, அதாவது அரை பார், போதும் என்பது என் கருத்து. எக்ஸ்டிபி 4.90 போன்ற, 20-க்கு மேல் கம்ப்ரெஷன் உள்ள பழைய பெஜோ வகை எஞ்சினில் 5-லேயே நிறுத்துவது நல்லது.

வேஸ்ட்கேட்டுக்குப் போகும் சின்ன ஹோஸ் கழன்றிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். பிறகு அந்த ஹோஸைக் கால் பம்பில் மாட்டி அழுத்துங்கள், 6–8 பிஎஸ்ஐயில் கம்பி நகர வேண்டும். நகரவில்லையென்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கும் அல்லது கீல் இறுகியிருக்கும். கம்பி நன்றாக நகர்ந்தும் அதிக வேகத்தில் பூஸ்ட் மெல்ல ஏறிக்கொண்டே போனால் வேஸ்ட்கேட் துளை போதவில்லை, அதை டர்போ கடையில் பெரிசாக்கித் தருவார்கள். சரி ஆகும் வரை காலை அழுத்தாமல் ஓட்டுங்கள்.

## சத்தம்

மெல்லிய விசில் சாதாரணம். அதில் திடீரென்று மாற்றம் வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

பாரத்தில் மட்டும் உஸ் என்று சீறினால் காற்றுக் கசிவு, சோப்புத் தண்ணீர். டக் டக் என்று ஆறிய எஞ்சினில் கேட்டு சூடானதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட். ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறி இறங்கினால் இறகு அடிபட்டிருக்கிறது அல்லது பேரிங் போகிறது. நிறுத்தும்போது இரும்பு உரசும் சத்தம் கேட்டால் அத்தோடு ஓட்டுவதை நிறுத்துங்கள், உடைந்த இறகு எஞ்சினுக்குள் போனால் செலவு பல மடங்கு.

பார்க்கும் முறை: எஞ்சின் ஆறிய பிறகு உறிஞ்சும் ஹோஸைக் கழற்றி, ஷாஃப்டின் முனையை விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் மெல்லிய ஆட்டம் இருக்கும், இருக்க வேண்டும், ஆயில் படலம் உட்காரும் இடம் அது. அழுத்திப் பிடித்துச் சுற்றினாலும் இறகு சுவரில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரிகிற ஆட்டம் இருக்கக் கூடாது, தெரிந்தால் உள்ளே தடுப்பு பேரிங் போயிருக்கிறது, டர்போ கடைக்குக் கொண்டு போங்கள். முனையில் இருக்கும் நட்டைத் தொடாதீர்கள். இறகின் முன் விளிம்பு ரம்பம் மாதிரி தேய்ந்திருந்தால் ஃபில்டரைத் தாண்டி மண் போகிறது, தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் வண்டிகளில் இது அடிக்கடி வரும்.

## மேனிஃபோல்ட் விரிசல், நட்டு கழல்வது, கேஸ்கெட் ஊதிப்போவது

மூன்றும் ஒரே காரணத்தின் மூன்று முகங்கள். சூட்டில் இரும்பு நீளுகிறது, நாம் அதை நீளவிடாமல் பிடித்து வைத்திருக்கிறோம்.

நட்டுகளை முதலில் பாருங்கள். புதிதாக மாட்டியதும் சில முறை சூடாகி ஆறிய பிறகு ஒருமுறை முறுக்கியே ஆக வேண்டும். சாதாரண நட்டும் ஸ்பிரிங் வாஷரும் அந்தச் சூட்டில் வேலைக்காகாது, ஸ்பிரிங்கின் விறைப்பு போய்விடும். செம்பு பூசிய லாக் நட் கிடைக்கும், அதைப் போடுங்கள்.

அடுத்து எடை. டர்போ முழுவதும் மேனிஃபோல்டில் தொங்குகிறதா? எஞ்சின் பிளாக்கிலிருந்து ஒரு தாங்கி கொடுங்கள், சேசிஸிலிருந்து கொடுக்காதீர்கள், எஞ்சின் ரப்பரில் ஆடும்போது அதுவே உடைக்கும். அதே காரணத்துக்காக டர்போவிலிருந்து இறங்கும் சைலன்சர் குழாயில் நெளிவுள்ள எஃகுத் துண்டு ஒன்று வேண்டும். குழாயைச் சேசிஸில் இறுகக் கட்டிவிட்டு மேனிஃபோல்டைத் திரும்பத் திரும்ப வெல்டு வைப்பதில் பயனில்லை.

அதற்கடுத்து ஃபிளாஞ்ச். கழற்றி, நேரான ஸ்கேலை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். 6 மில்லிமீட்டர் தகட்டில் செய்திருந்தால் வளைந்துதான் இருக்கும், 10 அல்லது 12 வேண்டும். வெல்டிங் முடிந்த பிறகு லேத்திலோ மில்லிங்கிலோ முகம் எடுக்க வேண்டும். ஹெட் பக்கத்து ஃபிளாஞ்ச் ஒரே நீளத் தகடாக இருந்தால், போர்ட்டுகளுக்கு நடுவே ரம்பத்தால் அறுத்து விடுங்கள், தனித்தனியாக நீளட்டும்.

விரிசல் விழுந்தது வார்ப்பிரும்பு மேனிஃபோல்டாக இருந்தால் சாதாரண ராடில் வெல்டு வைக்காதீர்கள், பக்கத்திலேயே அடுத்த விரிசல் ஓடும். முன்னால் சூடேற்றி, நிக்கல் ராடில் ஒட்டி, சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவைக்கத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

இதைச் செய்யும்போதே சுற்றிப் பாருங்கள். டீசல் ஹோஸ், பிரேக் பைப், வயரிங் எதுவும் டர்போவின் சூட்டுப் பக்கத்துக்கு அருகில் போகக் கூடாது, நடுவில் தகடு மறைப்பு வேண்டும். ஆயில் பைப் மூட்டில் ஒரு சொட்டுக் கசிவு இருந்தாலும் அதைச் சரி செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். சிவக்கச் சூடான ஹவுசிங்கில் ஆயில் விழுந்தால் தீப்பிடிக்கும், வீட்டில் டர்போ போட்ட வண்டிகளில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்.

## ஏற்றத்தில் சூடு ஏறுகிறது

தண்ணீர், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் முகத்தில் சேறு, ரேடியேட்டர் மூடியின் ரப்பர், ஃபேனைச் சுற்றியிருக்க வேண்டிய மறைப்பு. இவை எல்லாம் சரியாக இருந்தால் எக்ஸாஸ்ட் வெப்ப மீட்டரைப் பாருங்கள். அதுவும் ஏறினால் டீசல் அதிகம், கறுப்புப் புகைப் பகுதிக்குப் போங்கள். அது ஏறாமல் தண்ணீர் மட்டும் சூடானால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது.

தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தால் கேஸ்கெட்டைப் பாருங்கள். காலையில், ஆறிய எஞ்சினில், மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். விடாமல் குமிழ் வந்தாலோ, மூடி போட்டு ஓட்டிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. சூடான ரேடியேட்டரை ஒருபோதும் திறக்காதீர்கள். ஹெட்டை இறக்குவது, முகம் எடுப்பது, டார்க் ரென்ச்சில் வரிசையாக முறுக்குவது எல்லாம் நல்ல மெக்கானிக்கின் வேலை, அதோடு பூஸ்ட் ஏன் கேஸ்கெட்டைத் தூக்கியது என்று கண்டுபிடிக்காமல் திரும்ப மாட்ட வேண்டாம்.

## எஞ்சின் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

கிளட்ச். பெடலில் இருக்க வேண்டிய காலி ஆட்டம் இருக்கிறதா என்று சரி செய்து பாருங்கள், இருந்தும் வழுக்கினால் பிளேட் மாற்ற வேண்டும். அப்போதே பிரஷர் பிளேட்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

## டர்போ மாற்றினேன், அதுவும் போய்விட்டது

இரண்டாவது டர்போவும் போனால் தப்பு டர்போவில் இல்லை, ஆயிலில்தான் இருக்கிறது. மூன்றாவது வாங்கும் முன் இதைப் பாருங்கள்.

ஆயில் எது, எப்போது மாற்றியது? டர்போ டீசலுக்கான 15டபிள்யூ-40, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஃபில்டரோடு சேர்த்து. ஏற்றம் ஏறி வந்ததும் உடனே நிறுத்துகிறீர்களா? நின்ற ஆயில் சூட்டில் கரியாகி ஷாஃப்டில் ஒட்டும், ஓரிரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு நிறுத்துங்கள்.

ஆயில் உள்ளே போகும் குழாயைக் கழற்றி ஊதுங்கள். செம்புக் குழாய் போட்டிருந்தால் மாற்றுங்கள், அதிர்வில் விறைத்து வெடிக்கும், பின்னல் உறை போட்ட ஹோஸ்தான் சரி. ஆயில் சுவிட்ச் இடத்தில் டி (மூன்று வாய் இணைப்பு) போட்டு எடுத்திருந்தால், டெஃப்லான் நாடாவின் துணுக்கு துளையை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இணைப்புகளில் அந்த நாடாவே வேண்டாம், செம்பு வாஷர் போதும். பால் பேரிங் டர்போவுக்கான சின்னத் துளை அடைப்பான் சாதாரண டர்போவில் மாட்டப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

பிறகு ஆயில் பிரஷர். நன்றாகச் சூடான எஞ்சினில் ஐடிலிங்கில் 10 பிஎஸ்ஐயாவது, ஓடும்போது 30-க்கு மேலாவது இல்லையென்றால் மெயின் பேரிங்கோ ஆயில் பம்போ தேய்ந்திருக்கிறது. அந்த எஞ்சினுக்கு டர்போ வேண்டாம், முதலில் எஞ்சின் பட்டறைக்குப் போகட்டும்.

எல்லாம் சரியென்றால் மாட்டும் முறை இது. டர்போவின் ஆயில் வாயில் சுத்தமான ஆயில் ஊற்றி ஷாஃப்டைக் கையால் சில சுற்று சுற்றுங்கள். உள்ளே போகும் குழாயை மாட்டுங்கள். திரும்பும் ஹோஸை மாட்டாமல் கீழே ஒரு டப்பா வையுங்கள். ஸ்டாப் வயரை இழுத்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள், விட்டு விட்டு, மோட்டார் சூடாகாமல். வடிகால் வாயிலிருந்து ஆயில் தடையில்லாமல் இறங்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் அங்கேயே நிறுத்தி, குழாயைத் திரும்பப் பாருங்கள். நன்றாக இறங்கினால் ஹோஸை மாட்டி, டிப் ஸ்டிக் பார்த்து, குறைந்த ஆயிலை ஊற்றி, ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். ரேஸ் பண்ண வேண்டாம். டார்ச் அடித்து எல்லா மூட்டையும் பார்த்துவிட்டு, ஆறியதும் நட்டுகளை ஒருமுறை முறுக்கிய பிறகு ரோட்டுக்கு எடுங்கள்.